காலைக்கென்று எடுத்துவைத்த கட்டிங்

மேடம்,

எனக்கு 31 வயது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம், 1,072 மார்க். இன்ஜினியரிங் முதல் வருடம் செமினாரில் ‘டெவலப்மென்ட்’ என்ற சொல்லை நான் உச்சரித்த விதத்துக்கு வகுப்பே சிரித்தது. அப்புறம் நான்கு வருடமும் கடைசி பெஞ்ச்தான். மூன்றாம் வருடம் ஹாஸ்டலில் முதல் பீர். அன்று ராத்திரி அறையில் நான்தான் அதிகம் பேசினேன், இங்கிலீஷில்கூட!

இப்போது தினம் ராத்திரி ஒரு குவாட்டர். கடை மதியம் 12 மணிக்குத்தான் திறக்கும் என்பதால், காலைக்கு ஒரு கட்டிங்கைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி பைக் பெட்டியில் வைத்துவிடுவேன். மனைவிக்கு இது தெரியாது. அது உள்ளே போகாவிட்டால் ரிஜிஸ்டரில் கையெழுத்து கோணல்மாணலாகப் போகிறது. மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. எதிலும் பிடிப்பில்லை, எதற்கும் லாயக்கில்லாதவன் என்ற நினைப்பு. சில நாள் விடியாமலே போனால் தேவலை என்றிருக்கும். மனைவி சண்டை போடுவதில்லை, பேச்சையே குறைத்துக்கொண்டாள்.

மனச்சோர்வால் குடிக்கிறேனா, குடியால் மனச்சோர்வா? வருகிற ஒன்றாம் தேதி ஒரேயடியாக விட்டுவிடப் போகிறேன். சரிதானே?

*

தம்பி,

விட வேண்டும் என்ற முடிவு சரி. தனியாக, ஒரேயடியாக என்பதுதான் வேண்டாம். கவுன்சலரான நானே இப்படிச் சொல்வது வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் காலையில் கை நடுங்கி, ஒரு மடக்கு போனதும் அடங்குகிறது என்றால், உடம்பு மதுவை நம்பி ஓடப் பழகிவிட்டது என்று அர்த்தம். திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதன்பின் சிலருக்கு நினைவு குழம்பும், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் கண்காணிப்பில் மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியுமாக நிறுத்தினால், பெரும்பாலும் ஒரு வாரத்தில் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஒன்றாம் தேதி வரை காத்திருக்காமல் இந்த வாரமே போங்கள். அங்கே அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள். குவாட்டர் 180 மில்லி, காலை கட்டிங் 90. இந்தக் கணக்கை வைத்துத்தான் மருந்தின் அளவை முடிவு செய்வார்கள்.

விடியாமலே போனால் தேவலை என்பதை ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். என்னால் அப்படிக் கடக்க முடியவில்லை. டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். மூன்று மணி விழிப்பில் அந்த எண்ணம் வந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். எப்படிச் சாவது என்று மனம் யோசிக்க ஆரம்பித்தால், அந்த ராத்திரியே வீட்டில் இருப்பவரை எழுப்பி, மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

எது முந்தி என்று கேட்டீர்கள். உங்கள் கடிதப்படி அவமானம்தான் முந்தி. குடி அதற்கு நீங்களே எழுதிக்கொண்ட மருந்துச் சீட்டு. அந்த மருந்தே இப்போது நோயை வளர்க்கிறது. மது முதலில் தூங்கவைக்கும், போதை இறங்கும்போது எழுப்பிவிடும். உங்கள் மூன்று மணி விழிப்பில் அதற்குப் பங்கு இருக்கும். நிறுத்தி மூன்று, நான்கு வாரத்தில் பலருக்கு மனம் கணிசமாகத் தெளிகிறது. அப்போதும் சோர்வு விலகவில்லை என்றால் அதற்கென்று தனி சிகிச்சை உண்டு. அது தாமதமாக வேலை செய்யும் மருந்து, பத்து நாளில் ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று விட்டுவிடக் கூடாது.

அந்த ஹாஸ்டல் ராத்திரியைப் பற்றி ஒன்று. பீர் யாருக்கும் இங்கிலீஷ் சொல்லித் தராது தம்பி. பயத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக உட்காரவைத்தது, அவ்வளவுதான். பேசியது நீங்கள். போதை இல்லாமல் அந்தப் பயத்தை உட்காரவைக்கப் பழகுவதுதான் கவுன்சலிங்கில் நாம் செய்யப்போகிற வேலை. உடம்பு தேறட்டும், அந்த செமினார் அறையிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

ஆஸ்பத்திரிக்கு மனைவியையும் கூட்டிப்போங்கள். தண்ணீர் பாட்டில் விஷயம் அவருக்குத் தெரியாது என்கிறீர்கள். எனக்கென்னவோ, தெரிந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது.