கல்யாணம், காதுகுத்து தவிர போட்டோகிராபருக்கு வேறு என்ன வேலை இருக்கிறது?

நான் படம் எடுப்பவன் இல்லை. படம் எடுப்பவர்களின் கேமராவைக் கழற்றிப் பூட்டுபவன். மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டி ஒரு மாடியறையில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பையனைப் போட்டோகிராபி கோர்ஸில் சேர்க்கலாமா, விசேஷ வீடுகளை விட்டால் பிழைப்புக்கு வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, நிறையவே. என் மேஜைக்கு வரும் கேமராக்களில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் எடுத்த படத்தைப் பார்த்து யார் என்ன கேள்வி கேட்கப் போகிறார் என்பதில் வேலையே வேறாகிவிடுகிறது.

கல்யாணக்காரர்களை முதலில் சொல்லிவிடுகிறேன், கடைக்கு வாடகை கட்டுவது அவர்கள்தான். பிளாஷ் மாட்டும் இடுக்கில் அட்சதையின் மஞ்சள் படிந்திருந்தால் கேட்கவே வேண்டாம், மேடையில் நின்ற கேமரா. நடுத்தர விலை கேமராக்களில் ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் ஷட்டருக்குக் கம்பெனிக்காரர்கள் சொல்லும் ஆயுள் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு லட்சம் கிளிக். தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்தம் பார்த்து ஓடுகிறவர்கள் அதைச் சீக்கிரமே தாண்டிவிடுகிறார்கள். இப்போது எல்லோருக்கும் கேண்டிட் மோகம், அதாவது போஸ் கொடுக்காமல் இயல்பாக இருக்கும்போது எடுக்கும் படம். மேடையில் நின்று வரிசையாக எடுப்பவரை 'ட்ரெடிஷனல்' என்று ஒரு படி கீழே வைத்துப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹோமப் புகை, வீடியோ லைட், குறுக்கே நீளும் பத்து செல்போன், இத்தனைக்கும் நடுவில் தாலி முடிச்சை விடாமல் பிடிக்கிறவர் அவர்தான். "அண்ணே, சீர் கொண்டு வந்த தாய்மாமன் மூஞ்சி தட்டுக்குப் பின்னாடி போயிருச்சு, மீதிப் பணத்தைத் தர மாட்டேங்குறாங்க" என்று ஒரு தம்பி என் கடையில் உட்கார்ந்து புலம்பியிருக்கிறார். நம் ஊரில் தாய்மாமன் முகம் இல்லாத ஆல்பம் ஆல்பமே இல்லை, அந்த வீட்டுக்காரர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

பத்திரிகைக்காரர்கள் எனக்குத் தையிலும் சித்திரையிலும் வருவார்கள். பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர். வாடிவாசலுக்கு முன் பரப்பியிருக்கும் தேங்காய் நார்த்தூள் அந்த மூன்று நாளில் லென்ஸ் வளையத்துக்குள் எல்லாம் போய்விடும், திருப்பினால் நறநறவென்று சத்தம் கேட்கும். மாடு திமிலைச் சிலுப்பிக்கொண்டு வெளியே பாய்வது கண் இமைக்கும் நேரம். ஷட்டரை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கை விட மெதுவாக வைத்தால் கொம்பு கோடாகிவிடும்.

சித்திரையில் வேறு பிரச்சினை. அழகர் ஆற்றில் இறங்கும்போது பக்தர்கள் தோப்பறை என்ற தோல் பையில் தண்ணீர் பீய்ச்சுவார்கள், கேமராவும் சேர்ந்து குளிக்கும். அதைக்கூட உலர்த்திக் கொடுத்துவிடலாம். சிரமம் நிறத்தில்தான். அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி இறங்கினார் என்பதுதான் அன்றைக்கு எல்லோரும் கேட்கிற கேள்வி. பச்சை என்றால் அந்த வருடம் செழிக்கும் என்பது நம்பிக்கை. விடிந்தும் விடியாத நேரம், ஒரு பக்கம் மஞ்சள் விளக்கு, இன்னொரு பக்கம் வெள்ளை எல்இடி. வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸைக் கேமராவின் ஆட்டோவில் விட்டால் பச்சை மஞ்சளாகும், வெள்ளை நீலமாகும். அலுவலகத்துக்கு உடனே அனுப்ப வேண்டிய படம், உட்கார்ந்து திருத்த நேரமில்லை. வெளிச்சத்தைக் கூட்டலாம், ஓரத்தை வெட்டலாம், ஆனால் படத்தில் இல்லாததைச் சேர்ப்பதும் இருப்பதை அழிப்பதும் செய்தித் துறையில் வேலைக்கே உலை வைத்துவிடும். கல்யாண ஆல்பத்திலோ முகப்பருவை அழிக்காவிட்டால்தான் சண்டை.

பலர் யோசிக்காத இடம் காவல்துறை. முன்பெல்லாம் சின்ன ஊர்களில் ஒரு சாவு என்றால் பக்கத்து ஸ்டுடியோக்காரரைத்தான் ஜீப்பில் ஏற்றிப் போவார்கள். பிறகு அவரே நெகட்டிவோடு கோர்ட்டில் சாட்சி சொல்லவும் வேண்டியிருக்கும். இந்த வேலையில் அழகுக்கு இடமே இல்லை. முதலில் இடம் முழுவதும் தெரிய, அடுத்து பொருள் எங்கே கிடக்கிறது என்று புரிய, கடைசியில் பக்கத்தில் அளவுகோல் வைத்து நேர்மேலிருந்து கிட்டத்தில். எடுத்தது மங்கலாக இருந்தாலும் அழிக்கக் கூடாது. படங்களின் வரிசையில் நடுவில் ஒரு எண் விட்டுப்போனால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போய்த் தடயம் சேகரிக்க வேண்டும், அது வீடியோவாகவும் பதிவாக வேண்டும். புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு டிஜிட்டல் பதிவுக்குச் சான்றிதழும் கேட்கிறது. ஆக இந்தப் பக்கம் ஆள் தேவை கூடத்தான் செய்யும். மனசு தாங்குமா என்பதைப் பையனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியிலும் போட்டோகிராபர் உண்டு. 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிற ஊர் இது, அதனால் நம்மில் பலர் கண்ணுக்குள் படம் எடுத்துக்கொண்டு வந்தவர்கள்தான், அதைப் போட்டோ என்று நினைத்திருக்க மாட்டோம். சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்து, விழித்திரையைப் படம் பிடிக்கிறார்கள். சர்க்கரை நோயாளிக்கு ரத்தக்குழாயில் கசிவு இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் கை நரம்பில் ஃப்ளூரசின் என்ற சாயத்தை ஏற்றுவார்கள். பத்துப் பதினைந்து நொடியில் அது கண்ணுக்குப் போய்விடும். நீல ஒளி பட்டதும் குழாய்கள் பச்சை மஞ்சளாக ஒளிரும். அந்த முதல் சில நொடிகளைத் தவறவிட்டால் சாயம் எந்த வரிசையில் நிரம்பியது என்பது போய்விடும். ஊசி போட்டுக்கொண்டவருக்கு அன்று முழுக்கச் சிறுநீர் மஞ்சளாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை. இதற்கு ஸ்டுடியோ அனுபவம் போதாது, கண் மருத்துவத் தொழில்நுட்பப் படிப்பு வழியாகத்தான் உள்ளே போக முடியும்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பொறுமை வேண்டிய வேலை தொல்லியல். பக்கத்தில் கீழடியில் 2014-15-இல் அகழாய்வு தொடங்கியபோது இந்த வேலையைப் பற்றி எங்கள் கடைப்பக்கமும் பேச்சு வந்தது. ஒரு மண்ணடுக்கைத் தோண்டிவிட்டால் அது முடிந்தது, திரும்ப அடுக்க முடியாது. அதனால் குழியைத் தூரிகையால் சுத்தம் செய்து, அளவுகோல், வடக்கைக் காட்டும் அம்பு, குழி எண் எழுதிய பலகை எல்லாம் வைத்து, வெயில் ஏறி நிழல் விழுவதற்குள் எடுத்துவிடுவார்கள். மண் நிறம் வெளுத்திருந்தால் குழிச் சுவரில் லேசாகத் தண்ணீர் தெளிப்பதும் உண்டு, அடுக்குகள் பளிச்சென்று பிரியும். இந்த மாதிரிப் பதிவு மதுரைக்குப் புதிதல்ல. 1858-இலேயே லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவக் கேப்டன், மதராஸ் அரசின் போட்டோகிராபராகக் காகித நெகட்டிவ்களோடு இங்கே வந்து திருமலை நாயக்கர் மகாலைப் படம் எடுத்திருக்கிறார். நேப்பியர் கவர்னராக வந்து மகாலைச் செப்பனிடுவதற்கு முன் அது எப்படிச் சிதிலமாகக் கிடந்தது என்பதை இன்று அந்தப் படங்களில் பார்க்கலாம்.

மற்றதைச் சுருக்கிவிடுகிறேன். தெற்கு ஆவணி மூலவீதி நகைக்கடைகளுக்குப் படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். எடுக்கிறவர் முகமே தங்கத்தில் தெரிந்துவிடும் என்பதால் சுற்றிலும் வெள்ளைத் துணிக்கூண்டு கட்டித்தான் எடுப்பார்கள். சுங்குடிச் சேலையை ஆன்லைனில் விற்கிறவர்களுக்கு நிறம் மாறினால் சரக்கு திரும்பி வந்துவிடும். பிளக்ஸுக்கு எடுப்பதும் மதுரையில் ஒரு தனித் தொழில், அதைப் பற்றி எழுதினால் பகை வரும். பாஸ்போர்ட், ஆதார் அலுவலகங்களில் அவர்களே படம் எடுத்துக்கொள்வதால் ஸ்டுடியோக்களில் அந்த வருமானம் நன்றாகவே விழுந்துவிட்டது.

சரி, பையனைச் சேர்ப்பது என்றால் கோர்ஸ் பீஸுக்கு முன் ஒரு விஷயம் தெரிந்திருக்கட்டும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அந்தக் காசு கொடுத்தவர்தான், எடுத்தவர் இல்லை. பையன் தான் எடுத்த படத்தைத் தன் இணையப் பக்கத்தில் போட்டு அடுத்த ஆர்டர் பிடிக்க வேண்டும் என்றால், அட்வான்ஸ் வாங்கும் தாளிலேயே அதற்கு ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.