அணுமின் நிலையத்தை எதிர்ப்பவர்களுக்கு அறிவியல் தெரியாதா?

நன்றாகப் படித்தவர்கள்கூட அணுமின் நிலையங்களை எதிர்ப்பது ஏன், அறிவியலைப் பொறுமையாக விளக்கினால் அவர்கள் மாறிவிட மாட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற மாட்டார்கள் என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஆனால் அதற்குக் காரணம் அறியாமை அன்று.

2012இல் கோவையில் சிறிய லேத் பட்டறை வைத்திருந்தேன். நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டு நீடித்த அந்தக் காலத்தில், கூடங்குளம் எப்போது ஓடத் தொடங்கும் என்பதைத் தவிர எனக்கு வேறு கவலை இருக்கவில்லை. என் சித்தப்பாவோ கூடங்குளத்தை ஒட்டிய ராதாபுரம் பக்கத்துக்காரர். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். இடிந்தகரை லூர்து மாதா ஆலயத்தின் முன் போடப்பட்டிருந்த போராட்டப் பந்தலில் போய் உட்கார்ந்தவர். அணுப்பிளவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்காலத்தில் அவர் சொல்லித் தந்ததுதான். உற்பத்தியாகும் மின்சாரத்தின் அளவுக்கு எத்தனை உயிரிழப்பு என்று பார்த்தால் அணுமின்சாரம் நிலக்கரியைவிடப் பலநூறு மடங்கு பாதுகாப்பானது என்று நான் வாதாடியபோது, அவர் அதை மறுக்கவே இல்லை. “கணக்கு சரிதாம்டே. அந்தக் கணக்குல எங்கள எந்தப் பக்கம் எழுதிருக்க?” என்று மட்டும் கேட்டார்.

1988இல் இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் ஒப்பந்தம் போட்டபோது கடலோர ஊர்களின் சம்மதத்தை யார் கேட்டார்கள் என்பதும், மின்சாரம் எங்கோ போய்விட, நிலையத்தைக் குளிர்வித்துச் சூடேறிய நீர் மட்டும் மீன்பிடிக்கும் கடலுக்கே திரும்புகிறதே என்பதும்தான் அவருடைய எதிர்ப்பின் அடிப்படை. 2011 நவம்பரில் அப்துல் கலாம் நேரில் வந்து, உலை பாதுகாப்பானது என்று சொல்லி, சுற்றுவட்டார மேம்பாட்டுக்கு 200 கோடி ரூபாயில் ஒரு திட்டத்தையும் பரிந்துரைத்தார். எனக்கு அத்துடன் விவாதம் முடிந்தது. சித்தப்பாவுக்கோ, ஆபத்தே இல்லாத ஒன்றுக்கு எதற்காக 200 கோடி என்ற புதிய சந்தேகம் அங்கேதான் பிறந்தது.

இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரிய விசித்திரம் அன்று. அணுசக்தித் துறையிலிருந்தே வந்த சான்சி ஸ்டார் என்ற அமெரிக்கர், தாமாகத் தேர்ந்தெடுக்கும் ஆபத்தை மக்கள் தம்மீது சுமத்தப்படும் ஆபத்தைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வரை பொறுத்துக்கொள்கிறார்கள் என்று 1969இலேயே எழுதினார். அமெரிக்க உளவியலாளர் பால் ஸ்லோவிக் 1987இல் வெளியிட்ட கட்டுரையில் உள்ள பட்டியல் இன்னும் சுவையானது: முப்பது ஆபத்துகளை வரிசைப்படுத்தச் சொன்னபோது, கல்லூரி மாணவர்கள் அணுமின்சாரத்துக்கு முதலிடமும், வல்லுநர்கள் இருபதாவது இடமும் தந்தார்கள், எக்ஸ்ரேயையோ வல்லுநர்கள் ஏழாவது இடத்தில் வைக்க, பெண் வாக்காளர் அமைப்பொன்றின் உறுப்பினர்கள் இருபத்திரண்டாவது இடத்துக்குத் தள்ளினார்கள். இரண்டிலும் இருப்பது கதிர்வீச்சுதான். ஆனால் எக்ஸ்ரே எடுக்க நாமே போகிறோம், எடுக்கும் மருத்துவரை நாம் நம்புகிறோம்.

உங்கள் கேள்விக்கு நேரடியான விடை, அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் டான் கஹானும் உடன் பணியாற்றியோரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. சுமார் 1,500 அமெரிக்கர்களிடம் நடத்தப்பட்ட அந்த ஆய்வில், சமத்துவத்தையும் கூட்டுப் பொறுப்பையும் உயர்வாகக் கருதுவோருக்கும், படிநிலையையும் தனிமனித முயற்சியையும் போற்றுவோருக்கும் இடையே அணுமின்சாரத்தின் ஆபத்தைப் பற்றி இருந்த கருத்து வேறுபாடு, அறிவியல் அறிவு கூடக் கூட விரிந்ததே தவிரச் சுருங்கவில்லை. கூர்மையான மூளை தன் தரப்புக்கு இன்னும் நல்ல வாதங்களைத் தேடித் தருகிறது போலும்.

இதைப் படித்த பிறகுதான் என்னையே கேட்டுக்கொண்டேன். அந்த உலையின் பாதுகாப்பு அறிக்கையில் ஒரு பக்கத்தைக்கூட நான் படித்ததில்லை. இயந்திரத்தோடு பழகுபவன் என்பதால் பொறியாளர்களை நம்பினேன்; பட்டறை ஓட வேண்டும் என்பதும் சேர்ந்துகொண்டது. அதற்கு அறிவியல் என்று பெயர் வைத்திருந்தேன்.

அதற்காக எல்லாம் அவரவர் மதிப்பீடுதான், உண்மை என்று ஒன்றில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பழுப்பு நிலக்கரியை எரித்துக்கொண்டே 2023 ஏப்ரல் 15 அன்று கடைசி மூன்று அணு உலைகளையும் ஜெர்மனி மூடியது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். கூடங்குளத்தையும் ஆதரிக்கிறேன். ஆனால் பயன்படுத்திய எரிபொருளைச் சேமிக்கும் கட்டமைப்புக்காக 2019 ஜூலையில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தேதி குறிப்பிடாமல் தள்ளிவைக்கப்பட்டபோது, கூட்டம் நடந்தே ஆக வேண்டும் என்று சித்தப்பாவிடம் முதலில் சொன்னவன் நான்தான்.