களுவாஞ்சிக்குடியில் டைப் பண்ணின சீவி (சுயவிவரம்) கொழும்பில் ஏன் கிறுக்கலாகத் திறக்கிறது?

கோப்பு பழுதாகவில்லை, எழுத்துருதான் பிரச்சினை. கள உத்தியோகத்தர் வேலைக்கு நீங்கள் அனுப்பிய வேர்ட் கோப்பு அங்கே வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது என்றால், கொமியூனிகேஷன் கடைக்காரர் அதைப் பாமினி என்ற எழுத்துருவில் அடித்திருப்பார். பாமினி யூனிகோட் இல்லை, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையில் அமைந்தது இல்லை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழே வராது.

உங்கள் போனில் அதே கோப்பைத் திறந்து பாருங்கள். ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே அரைப்புள்ளியாக (;) கொட்டிக் கிடந்தால் சந்தேகமே இல்லை, பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அந்த விசையில்தான் இருக்கிறது.

1. இன்றைக்கே அனுப்ப வேண்டுமென்றால் அதே கடைக்குப் போய் அதே கணினியிலேயே பீடிஎஃப் ஆக்கி வாங்குங்கள்.

2. நேரம் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. ஆனால் மின்னஞ்சல் முகவரியை அதற்குள் போடாதீர்கள், அதையும் தமிழென்று நினைத்து எதையாவது ஆக்கிவிடும், நேர்முகத்துக்குக் கூப்பிட நினைத்தவர் பிறகு யாருக்கு எழுதுவது? நான் விண்ணப்பம் பார்த்த காலத்தில் இப்படி ஒன்று வந்து, கடைசியில் பரிந்துரையாளருக்குத்தான் போன் எடுத்தோம்.

ஆனால் ஒன்று, முதல் வழியில் வரும் பாமினி பீடிஎஃப் கண்ணுக்குத்தான் தமிழ். நிறுவனத்தின் தளத்தில் பதிவேற்றினால், அங்கே கணினி வாசிக்கும்போது அதே கிறுக்கல்தான் வரும். அப்படியான இடத்துக்கு இரண்டாவது வழிதான் சரி.

அப்புறம், கோப்பின் பெயரை உங்கள் பெயராக மாற்றுங்கள். ‘புதியது இறுதி 2’ என்று வந்தால் தேடி எடுக்க முடியாது.