கெல்டிக், ஐரிஷ் வம்சாவளிகளை ஒப்பிடலாமா? ஆய்வு மாணவருக்கு ஒரு பதில்

கேள்வி: பாளையங்கோட்டையில் சமூகவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ‘அமெரிக்காவில் கெல்டிக் வம்சாவளியினரும் ஐரிஷ் வம்சாவளியினரும்: சமூக, பொருளாதார நிலை ஒப்பீடு’ என்ற தலைப்பை ஆய்வேட்டுக்குப் பதிவு செய்திருக்கிறேன். அமெரிக்கக் கணக்கெடுப்பின் வம்சாவளி அட்டவணையில் இரண்டும் தனித்தனி வரிகளாக இருக்கின்றன. அவ்விரு வரிகளையும் வைத்து வருமானம், கல்வி, தொழில் ஆகியவற்றை ஒப்பிட்டால் போதுமா? தரவுகளைச் செலவில்லாமல் எங்கே பெறலாம்?

பதில்: போதாது. அவ்விரு வரிகளை ஒன்றுக்கொன்று எதிரே வைக்கவே கூடாது என்பது என் கருத்து. தலைப்பைச் சிறிது மாற்றினால் நல்ல ஆய்வு ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. மாற்றாமல் விட்டால், வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியிலேயே அது நிலைகுலையும்.

காரணம் எளிமையானது: ஐரிஷ் மக்கள் கெல்டிக் மக்களுள் ஒரு பிரிவினர். ஐரிஷ், ஸ்காட்லாந்து கேலிக், மாங்ஸ் (மான் தீவின் மொழி) ஆகியவை ஒரு கிளையாகவும், வெல்ஷ், கார்னிஷ் (இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள கார்ன்வாலின் மொழி), பிரெட்டன் (பிரான்சின் பிரிட்டனி பகுதியின் மொழி) ஆகியவை மற்றொரு கிளையாகவும் அமைந்த மொழிக் குடும்பத்துக்கு ‘கெல்டிக்’ என்ற பெயரை நிலைநிறுத்தியவர், ஆக்ஸ்போர்டில் அருங்காட்சியகக் காப்பாளராக இருந்த வேல்ஸ் நாட்டு அறிஞர் எட்வர்ட் லூயிட். அவர் நூல் வெளிவந்த ஆண்டு 1707. மொழிக்கு இட்ட பெயர் பின்னர் மக்களுக்கும் ஆகிவந்தது. 1856இல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்த பிறகு ‘திராவிட’ என்ற சொல்லுக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இதுதான். ‘திராவிட வம்சாவளியினரையும் தமிழ் வம்சாவளியினரையும் ஒப்பிடுகிறேன்’ என்று ஒருவர் சொன்னால், தமிழர் எந்தப் பக்கம் என்று நீங்களே கேட்பீர்கள் அல்லவா?

அப்படியானால் அட்டவணையில் ‘கெல்டிக்’ என்று தனி வரி ஏன் இருக்கிறது? அமெரிக்கக் கணக்கெடுப்பில் வம்சாவளி என்பது டிக் செய்யும் கட்டம் அன்று. ஒரு வெற்றிடம் இருக்கும், அதில் மனிதர்கள் தோன்றியதை எழுதுவார்கள், அலுவலகம் அதற்கு எண் குறியீடு இடும். ஐரிஷுக்கு 50, ஸ்காட்ச்-ஐரிஷுக்கு 87, ஸ்காட்டிஷுக்கு 88, வெல்ஷுக்கு 97, ‘கெல்டிக்’ என்றே எழுதியவர்களுக்கு 99. அந்தக் கடைசி வரியில் இருப்பவர்கள், 3 கோடிக்கு மேற்பட்ட ஐரிஷ் வம்சாவளியினருக்கு எதிரே, சில பத்தாயிரம் பேர் மட்டுமே. தம் முன்னோர் அயர்லாந்தா, ஸ்காட்லாந்தா, வேல்ஸா என்று பிரிக்க விரும்பாமல் அல்லது இயலாமல் பொதுப்பெயரை எழுதியவர்கள் அவர்கள். அவர்களின் வருமானம் கூடுதலாகவோ குறைவாகவோ தெரிந்தால், அந்த எண் காட்டுவது அச்சொல்லை எழுதும் மனநிலையுள்ள சிலரைப் பற்றியே. கெல்டிக் இனம் எதைப் பற்றியும் அன்று.

உங்கள் கேள்விக்குள் மறைந்திருக்கும் உண்மையான ஒப்பீடு வேறு. அதற்கும் கால்டுவெல்லே நல்ல எடுத்துக்காட்டு. இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீட்டை நீங்கள் பார்த்திருக்கலாம். அவர் 1814இல் பிறந்தது அயர்லாந்தின் வடகோடியில், ஆன்ட்ரிம் மாவட்டத்தில், பெற்றோரோ ஸ்காட்லாந்துக்காரர்கள், சிறுவனாக இருந்தபோதே குடும்பம் கிளாஸ்கோவுக்குத் திரும்பிவிட்டது. 1838இல் அவர் சென்னைக்கு வராமல் பிலடெல்பியாவுக்குப் போயிருந்தால், அவருடைய கொள்ளுப்பேரன் இன்று அந்த வெற்றிடத்தில் என்ன எழுதுவார்? ஐரிஷ் என்று எழுதலாம், ஸ்காட்டிஷ் என்று எழுதலாம், ஸ்காட்ச்-ஐரிஷ் என்றும் எழுதலாம். இவற்றில் எதையும் எழுதாமல் ‘அமெரிக்கன்’ என்று போட்டுவிடவும் கூடும். உங்கள் ஆய்வின் கடினமான பகுதி முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குச் சென்றவர்கள் இரண்டு பெரும் அலைகளாகச் சென்றார்கள். முதல் அலை 1718 முதல் 1775 வரை, வடக்கே அல்ஸ்டர் பகுதியிலிருந்து புறப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்து அங்கே குடியேற்றப்பட்ட, புராட்டஸ்டன்ட் பிரிவுகளுள் ஒன்றான பிரெஸ்பிட்டேரியன் சபையினரின் வழித்தோன்றல்கள் இவர்கள். குத்தகை உயர்வும், அரசு சபையைச் சேராதவர்களுக்கு விதிக்கப்பட்ட தடைகளும், லினன் நெசவில் வந்த நெருக்கடிகளும் இவர்களைக் கப்பலேற்றின. பென்சில்வேனியாவில் இறங்கி, ஷெனன்டோவா பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கே நகர்ந்து, அப்பலாச்சியா மலைப்பகுதியில் நிலம் பிடித்து உழவர்களானார்கள். ஸ்காட்ச்-ஐரிஷ் என்று அழைக்கப்படுபவர்கள் இவர்களே.

இரண்டாம் அலை 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தோடு பெருகியது. 1841இல் ஏறத்தாழ 82 லட்சமாக இருந்த அயர்லாந்தின் மக்கள்தொகை, 1851இல் 66 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள், அதற்குச் சற்றுக் கூடுதலானோர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். பெரும்பாலும் கத்தோலிக்கர்களான இவர்கள், உழவர்களாயிருந்தும் அமெரிக்காவில் நிலத்தின் பக்கம் போகவில்லை. நிலம் வாங்கக் கைப்பணமும் இல்லை, உள்நாட்டுக்குப் பயணம் செய்யச் செலவுக்கும் இல்லை. இறங்கிய நியூயார்க்கிலும் பாஸ்டனிலுமே கூலி வேலையில் ஒன்றினார்கள். பின்னர்த் திருமணமாகாத இளம்பெண்கள் பெருந்திரளாகத் தனியே வந்து வீட்டு வேலையில் சேர்ந்ததும், அவர்களுடைய மகள்கள் பள்ளி ஆசிரியைகளானதும் இந்த அலைக்கே உரிய தனித்தன்மைகள்.

வறுமையின் கதையாக மட்டும் இதை எழுதிவிடாதீர்கள். ஐரிஷ் குடியேறிகளுக்காக நியூயார்க்கில் 1850இல் தொடங்கப்பட்ட எமிக்ரன்ட் சேமிப்பு வங்கியின் பேரேடுகள் இன்றும் இருக்கின்றன. வேறொருவர் வந்து பணத்தை எடுத்துவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு கணக்குக்கும் எதிரே கணக்கு வைத்திருப்பவர் பிறந்த ஊர், வந்த கப்பல், பெற்றோர் பெயர், செய்யும் தொழில் ஆகியவற்றைக் குமாஸ்தா எழுதி வைத்திருக்கிறார். கூலியாட்கள், துணி வெளுப்பவர்கள், தெருவில் கூவி விற்பவர்கள் ஆகியோரின் கணக்குகளில் சில ஆண்டுகளுக்குள் சேர்ந்த தொகை, பஞ்சத்தில் வந்தவர்கள் கையாலாகாதவர்களாகவே இருந்தார்கள் என்ற பழைய கருத்தை வரலாற்றாசிரியர்கள் திருத்திக்கொள்ளக் காரணமாயிற்று. ஒரு சமூகத்தின் பொருளாதார நிலையைச் சராசரி வருமானத்தால் மட்டும் அளந்தால் இதுபோன்ற சேமிப்பு கண்ணில் படாமல் போய்விடும்.

இனித் தரவுக்கு வருகிறேன். சிக்கல் இங்கேதான் அடர்த்தியாகிறது. 1990 கணக்கெடுப்பில் 3.87 கோடிப் பேர் ஐரிஷ் என்று எழுதினார்கள், 2000இல் 3.05 கோடிப் பேர்தான் அப்படி எழுதினார்கள். பத்தாண்டுகளில் 80 லட்சம் பேர் காணாமல் போய்விடவில்லை. 1990 படிவத்தில் கேள்விக்கு அடியில் எடுத்துக்காட்டாக அச்சிட்டிருந்த பெயர்களுள் ஐரிஷும் ஒன்று. 2000 படிவத்தில் அது இல்லை. ஆங்கிலேயருக்கு இதற்கும் முன்பே இது நேர்ந்தது: எடுத்துக்காட்டுப் பட்டியலில் இருந்த 1980இல் 4.96 கோடியாக இருந்த எண்ணிக்கை, பட்டியலிலிருந்து நீங்கிய 1990இல் 3.27 கோடியாயிற்று. மறுபுறம், 1990க்கும் 2000க்கும் இடையே ‘அமெரிக்கன்’ என்று எழுதியவர்கள் 1.2 கோடியிலிருந்து 2 கோடிக்கு மேல் உயர்ந்தார்கள். ஆகவே வெவ்வேறு ஆண்டுகளின் எண்ணிக்கையை வைத்து ஒரு சமூகம் வளர்ந்தது, தேய்ந்தது என்று எழுதுவதைத் தவிர்த்துவிடுங்கள்.

‘அமெரிக்கன்’ என்று எழுதுபவர்கள் அதிகம் செறிந்திருப்பது கென்டக்கி, டென்னசி, மேற்கு வர்ஜீனியா போன்ற மாநிலங்களில். அதாவது முதல் அலையினர் குடியேறிய அதே நிலப்பகுதியில். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு மூதாதையர் வந்த இடம் குடும்ப நினைவிலிருந்தே நீங்கிவிட்டது. ஸ்காட்ச்-ஐரிஷ் என்று இன்றும் எழுதுபவர்களில், குடும்ப வரலாற்றைத் தேடிப் படித்தவர்களும் வயதில் மூத்தவர்களும் கூடுதலாக இருக்க இடமுண்டு. மேற்கு வர்ஜீனியாவின் சுரங்க ஊரில் இருக்கும் அவர்களுடைய ஒன்றுவிட்ட உறவினர் வேறு வரியில் போய் நிற்கிறார். எனவே ஸ்காட்ச்-ஐரிஷ் வரியின் கல்வித் தகுதி உயர்வாகத் தெரிந்தால், அவ்வளவும் முன்னேற்றத்தின் அளவு என்று கொள்ளாதீர்கள். அதில் ஒரு பங்கு, யார் அச்சொல்லை எழுதுகிறார்கள் என்பதன் விளைவாக இருக்கும்.

இதற்கு நேர்மாறான கலப்பு ஐரிஷ் வரிக்குள்ளேயும் இருக்கிறது. ஐரிஷ் என்றாலே கத்தோலிக்கர் என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் சிகாகோ பல்கலைக்கழகம் சார்ந்த நிறுவனம் 1972 முதல் நடத்திவரும் ஜெனரல் சோஷியல் சர்வே, ஐரிஷ் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் அமெரிக்கர்களில் பாதிக்கு மேற்பட்டோர் புராட்டஸ்டன்ட் மதத்தினர் என்று காட்டியது. பாதிரியாரும் சமூகவியலாளருமான ஆண்ட்ரூ கிரீலி அத்தரவுகளைக் கொண்டு, ஐரிஷ் கத்தோலிக்கர்கள் கல்வியிலும் வருமானத்திலும் அமெரிக்காவின் வெள்ளையர் குழுக்களுள் முன்வரிசைக்கு வந்துவிட்டார்கள் என்றும், ஐரிஷ் புராட்டஸ்டன்டுகள் பின்தங்கியிருக்கிறார்கள் என்றும் நிறுவினார். இரு சாராரையும் ஒரே வரியில் கூட்டிச் சராசரி எடுத்தால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். அமெரிக்கக் கணக்கெடுப்பில் மதத்தைத் தெரிவிக்குமாறு யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1976இல் சட்டம் வந்துவிட்டதால், கணக்கெடுப்புத் தரவைக் கொண்டு மட்டும் இவர்களைப் பிரிக்க இயலாது.

ஆகவே நடைமுறையில் செய்ய வேண்டியது இது. முதலில் அமெரிக்கக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் தரவுத் தளத்தில், அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வேயின் (2000க்குப் பிறகு வம்சாவளிக் கேள்வி இடம்பெறும், ஆண்டுதோறும் நடக்கும் மாதிரிக் கணக்கெடுப்பு) ‘எஸ்0201’ என்ற அட்டவணையைத் திறந்து, ஐரிஷ், ஸ்காட்ச்-ஐரிஷ், ஸ்காட்டிஷ் ஆகிய குழுக்களைத் தேர்ந்தெடுங்கள். குடும்ப வருமானத்தின் இடைநிலை மதிப்பு, பட்டதாரிகளின் விகிதம், தொழில் பிரிவு, வறுமை விகிதம் ஆகியவை ஒரே பக்கத்தில் கிடைக்கும். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் பிழை வரம்பு தரப்பட்டிருக்கும். அது 90 சதவீத நம்பிக்கை அளவுக்கு உரியது என்பதை மறவாதீர்கள். நம் மாணவர்கள் பழகியிருப்பது 95 என்பதால், இரண்டையும் கலந்து எழுதித் திருத்தம் வாங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அந்த அட்டவணை முன்னோட்டத்துக்கு மட்டுமே. உண்மையான ஒப்பீட்டுக்குத் தனிநபர்ப் பதிவுகள் வேண்டும். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஐபம்ஸ் தளத்தில் பதிவுசெய்தால் அவை இலவசமாகவே கிடைக்கும். எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளில் திறக்கும் வடிவிலும் தருகிறார்கள். ஒருவருக்கு இரண்டு வம்சாவளிகள் வரை பதிவாகியிருக்கும். முதலாவதை மட்டும் எடுப்பதா, இரண்டில் எது வந்தாலும் சேர்ப்பதா என்பதை முதலிலேயே முடிவுசெய்து எழுதிவிடுங்கள். இரு முறையிலும் கணக்கிட்டுப் பார்த்து, முடிவு மாறுகிறதா என்று சொன்னால் இன்னும் நல்லது. அமெரிக்காவில் பிறந்தவர்கள், 25 முதல் 64 வயதுக்கு உட்பட்டவர்கள் என்று வரம்பிடுங்கள். ஓய்வுபெற்றவர்கள் மிகுந்த குழுவின் வருமானம் வயதின் காரணமாகவே தாழ்ந்து தெரியும். எடைமதிப்பு (மாதிரியில் உள்ள ஒருவர் மக்கள்தொகையில் எத்தனை பேரைக் குறிக்கிறார் என்ற எண்) இடாமல் எந்த விகிதத்தையும் கணக்கிட வேண்டாம்.

இவற்றினும் முக்கியமானது மாநிலம். மாசசூசெட்ஸில் இருக்கும் ஐரிஷையும் டென்னசியில் இருக்கும் ஸ்காட்ச்-ஐரிஷையும் நேராக ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிடுவது பாஸ்டன் நகரத்தையும் மலையோரச் சிற்றூர்களையும்தான். ஒரே மாநிலத்துக்குள், முடிந்தால் ஒரே பெருநகரப் பகுதிக்குள், இரு குழுக்களையும் ஒப்பிடுங்கள். அங்கே இடைவெளி பெரிதும் சுருங்கினால், முன்னோர் யார் என்பதைக் காட்டிலும் எங்கே இறங்கினார்கள், எங்கே தங்கினார்கள் என்பதே விளக்கமாகும். சுருங்காவிட்டால் கல்வி, மதம், குடும்ப அமைப்பு ஆகியவற்றை அடுத்துப் பார்க்கலாம். உங்கள் ஆய்வேட்டின் நடு அத்தியாயம் இதுவாகவே அமையட்டும்.

மதம் இல்லாமல் ஆய்வு முழுமை பெறாது என்று உங்கள் நெறியாளர் கருதினால், நாட்டை மாற்றிக்கொள்ளலாம். ஆஸ்திரேலியக் கணக்கெடுப்பு வம்சாவளியையும் மதத்தையும் ஒரே படிவத்தில் கேட்கிறது. மதக் கேள்விக்கு விடையளிப்பது அங்கே விருப்பத்தைப் பொறுத்தது. 2021இல் அங்கே 9.5 சதவீதத்தினர் ஐரிஷ் என்றும், 8.6 சதவீதத்தினர் ஸ்காட்டிஷ் என்றும் எழுதியிருக்கிறார்கள். கத்தோலிக்க ஐரிஷையும் பிறரையும் அங்கே பிரித்துப் பார்க்க முடியும். பிரிட்டனை எடுப்பதானால், இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கெடுப்பில் ‘வெள்ளை ஐரிஷ்’ என்ற கட்டம் 2001 முதல் இருக்கிறது. கார்னிஷுக்கோ கட்டமே கிடையாது, எழுதித்தான் தெரிவிக்க வேண்டும்.

நாடுகளையே ஒப்பிடும் எண்ணம் வந்தால் ஓர் எச்சரிக்கை. அயர்லாந்தின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 2015இல் 26 சதவீதம் வளர்ந்ததாக வெளியான கணக்கு, பன்னாட்டு நிறுவனங்கள் தம் சொத்துகளைக் கணக்கேட்டில் அங்கே மாற்றியதன் விளைவு. அதன் பிறகு அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே திருத்திய தேசிய வருமானம் என்ற வேறோர் அளவை வெளியிடத் தொடங்கியது. அயர்லாந்தை வேல்ஸோடோ ஸ்காட்லாந்தோடோ ஒப்பிடும்போது அந்தத் திருத்திய அளவையே எடுங்கள்.

தலைப்பை ‘அமெரிக்காவில் ஐரிஷ், ஸ்காட்ச்-ஐரிஷ் வம்சாவளியினரின் கல்வி, தொழில், வருமானம்: தன்னடையாளப் பதிவும் வட்டார வேறுபாடும்’ என்று மாற்றித்தர நெறியாளரிடம் கேளுங்கள். பதிவுசெய்த தலைப்பில் திருத்தம் செய்யப் பல்கலைக்கழகங்கள் வழக்கமாக இடம் தருகின்றன. தரவு இறக்குவதற்கு முன்பே கேட்டுவிட்டால் விண்ணப்பத்தோடு வேலை முடிந்துவிடும். ‘கெல்டிக்’ என்ற சொல்லை முன்னுரையில் ஒரு பக்கத்தில் விளக்கி, அங்கேயே நிறுத்திவிடலாம்.