இரவு ரயிலை நம்பலாமா?

கேள்வி: வியன்னாவிலிருந்து சூரிச்சுக்கு இரவு ரயிலில் போகலாம் என்று நானும் மனைவியும் நினைக்கிறோம். வயதான அம்மாவும் உடன் வருகிறார். மறுநாள் காலை பத்தரைக்குச் சூரிச்சில் விமானம். நண்பர்களோ, "நேரத்துக்குப் போகாது, பதிவு செய்த படுக்கைப் பெட்டியே வராது" என்று பயமுறுத்துகிறார்கள். டிக்கெட் எடுக்கலாமா?

பதில்: ரயில் டிக்கெட்டை எடுங்கள், விமானத்தை மாலைக்கு மாற்றுங்கள். ரயில் தாமதத்தால் விமானத்தைத் தவறவிட்டால் அந்த நஷ்டம் உங்களுடையதுதான்.

நண்பர்கள் இரண்டு குறைகளைச் சேர்த்துக் குழப்புகிறார்கள். தாமதம் அடிக்கடி நடப்பதுதான். ஆனால் ஏழரைக்குச் சேர வேண்டிய வண்டி எட்டரைக்குச் சேர்ந்தால், அவசரமில்லாதவருக்கு இன்னும் ஒரு மணி நேரத் தூக்கம், அவ்வளவுதான். பகல் ரயிலில் அதே ஒரு மணி நேரம் பாழ். அதனால், நூற்றுக்கு இத்தனை வண்டிகள் தாமதம் என்ற கணக்கை வைத்து இரவு ரயிலை எடைபோடுவதை நான் ஏற்பதில்லை.

தாமதத்துக்குக் காரணங்கள் உண்டு. தண்டவாள வேலையைப் பெரும்பாலும் இரவில்தான் செய்வார்கள். சரக்கு வண்டிகளும் அப்போதுதான் நிறைய ஓடும். பல ஊர்களிலிருந்து வரும் பெட்டிகளை நடுவழியில் கோக்கும்போது, ஒன்று பிந்தினால் மற்றதும் காத்திருக்க வேண்டும். நாடு தாண்டினால் சில இடங்களில் மின்சாரமே மாறிவிடும்: ஆஸ்திரியாவில் 15,000 வோல்ட், இத்தாலியின் பழைய பாதைகளில் 3,000 வோல்ட். இரண்டிலும் ஓடும் எஞ்சின் இல்லையென்றால் எல்லையில் எஞ்சின் மாற்ற வேண்டியதுதான். சுவிட்சர்லாந்திலும் 15,000 வோல்ட் என்பதால் உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. இதையெல்லாம் உத்தேசித்து அட்டவணையிலேயே தாராளமாக நேரம் விட்டிருப்பார்கள். நள்ளிரவில் வண்டி ஏதோ ஒரு நிலையத்தில் அசையாமல் நிற்பது பல சமயம் அட்டவணைப்படிதான். பாதித் தூக்கத்தில் எட்டிப் பார்ப்பவர்தான் வண்டி பழுது என்று முடிவுகட்டி, ஊருக்கெல்லாம் சொல்கிறார்.

பெட்டி வராமல் போவது அப்படியல்ல. அரிதாக நடந்தாலும் ஆளை வதைத்துவிடும். படுக்கைப் பெட்டி பழுதானால் மாற்றுப் பெட்டி கிடைப்பது கடினம், உட்காரும் பெட்டியில்தான் இடம் தருவார்கள். படுக்கைக்குக் கூடுதலாகக் கட்டியதைத் திரும்பக் கேளுங்கள். ஆனால் பணம் திரும்பினாலும் அன்றைய தூக்கம் போனதுதான். அம்மாவால் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து வர முடியாதென்றால், பகல் ரயிலே மேல்.

கேள்வி: வியன்னாவிலிருந்து ஹாம்பர்க் போன இரவு ரயில் மூன்று மணி நேரம் தாமதம். நஷ்டஈடு கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், ஆனால் நீங்கள் கேட்டால்தான். 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, சேருமிடத்தில் 60 முதல் 119 நிமிடம் வரை தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடமும் அதற்கு மேலும் என்றால் 50 சதவீதம். கூப்பன் நீட்டினால், பணமாக வேண்டும் என்று சொல்லுங்கள். கடும் புயல், தண்டவாளத்தில் ஆள் நுழைந்தது போன்ற காரணங்களுக்கு நஷ்டஈடு இல்லை. ரயில்வே ஊழியரின் வேலைநிறுத்தம் அந்த விலக்கில் வராது. வழியில் வேறு ரயிலுக்கு மாற வேண்டியிருந்தால் எல்லாவற்றையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். அப்போதுதான் கடைசி ஊரை வைத்துத் தாமதத்தைக் கணக்கிடுவார்கள்.

கேள்வி: ஐரோப்பாவில் இரவு ரயில்கள் மறுபடி பெருகுகின்றன என்கிறார்களே, அடுத்த ஆண்டுப் பயணத்தை அவற்றை நம்பித் திட்டமிடலாமா?

பதில்: திட்டமிடலாம், ஆனால் வழித்தடம் அப்படியே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஆஸ்திரிய ரயில்வேயின் பாரிஸ்–பெர்லின் இரவு ரயில் 2023 டிசம்பரில் அமர்க்களமாகத் தொடங்கியது. 2024-ல் தண்டவாள வேலைக்காக ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை நிறுத்தி வைத்தார்கள். பிரெஞ்சு அரசின் மானியம் நின்றதும், 2025 டிசம்பரோடு கைவிட்டார்கள். ஐரோப்பிய ரயில் அட்டவணை ஆண்டுதோறும் டிசம்பர் நடுவில் மாறும். அதற்குப் பிந்திய தேதி என்றால், புது அட்டவணையில் உங்கள் வண்டி இருப்பதைப் பார்த்துவிட்டு ஓட்டல் அறை போடுங்கள். முந்திப் போட வேண்டியிருந்தால், ரத்து செய்தாலும் பணம் திரும்பும் அறையாக இருக்கட்டும்.