சுவிஸ் விசாவோடு பேய்ப்படங்களைத் தேடி

கல்லடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “பழைய பேய்ப்படங்கள் என்றால் எனக்கு உயிர். சித்தப்பா வீட்டுக்கு, சுவிஸுக்கு, மூன்று கிழமை போகிறேன். படம் எடுத்த இடங்கள், நூதனசாலைகள் எவற்றைப் பார்க்கலாம்? ‘எக்ஸோர்சிஸ்ட்’ படிக்கட்டு என் நெடுநாள் ஆசை.”

முதலில் விசா. எந்தப் படத்தின் இடத்துக்குப் போகலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கும். சுவிஸ் தருவது ஷெங்கன் விசா. அதை வைத்தே ஜெர்மனிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் போய் வரலாம். இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் அது செல்லாது. கூடுதல் நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும், உங்களுக்கு அது சுவிஸ். மற்ற நாடுகளையும் பயணத் திட்டத்தில் மறைக்காமல் எழுதுங்கள். மருத்துவக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது.

சுவிஸிலேயே குருயேர் என்ற மலையூரில் எச். ஆர். கீகரின் நூதனசாலை இருக்கிறது. ‘ஏலியன்’ (1979) படத்தின் ஜந்துவை வடிவமைத்தவர் அவர். 1998இல் அவரே திறந்த இடம் அது. எதிரே அவர் வடிவமைத்த பாரும் உண்டு. கூரையெல்லாம் முதுகெலும்பு வளைவுகள். ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி இருக்கலாம். சித்தப்பாவின் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். பல ஓவியங்கள் பெரியவர்களுக்கானவை.

ஆனால் ஓர் இடத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் உங்களை வட ஜெர்மனிக்கே அனுப்புவேன். முர்னவ் இயக்கிய மௌனப்படமான ‘நொஸ்ஃபெராட்டு’ 1922இல் வந்தது. டிராகுலா கதையை அனுமதி வாங்காமல் எடுத்ததால் பிராம் ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார்; பிரதிகளை அழிக்கும்படி தீர்ப்பும் வந்தது. எப்படியோ சில பிரதிகள் தப்பின. அந்தப் படம் காட்டிய விஸ்மார் ஊரின் சந்தைச் சதுக்கமும், துறைமுகத்து வாசர்டோர் என்ற பழைய வாசலும் இன்றும் நிற்கின்றன. அங்கே மரியன் தேவாலயத்தின் கோபுரம் மட்டும்தான் மிச்சம். போரில் சேதமான மண்டபத்தை 1960இல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். இரத்தக்காட்டேரி குடிவரும் வீடாகக் காட்டப்பட்டவை பக்கத்து நகரமான லூபெக்கின் பழைய உப்புக் களஞ்சியங்கள். ஹம்பேர்க்குக்கு விமானத்தில் போனால் லூபெக்குக்கு ரயிலில் முக்கால் மணி நேரம்தான். விஸ்மாரையும் சேர்த்து இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

அதே படத்தின் கோட்டை ஸ்லோவாக்கியாவின் ஒராவா கோட்டை. ஆற்றங்கரைப் பாறையின் உச்சியில் இருக்கிறது. அழகுதான், ஆனால் தனிப் பயணம். நாள் மிஞ்சினால் மட்டும் போங்கள். பருவத்துக்குப் பருவம் திறக்கும் நேரம் மாறும், பார்த்துவிட்டே டிக்கெட் போடுங்கள்.

போகும் முன் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, தேவையான காட்சிகளை ஃபோனில் சேமியுங்கள். இல்லாவிட்டால் அங்கே போய் வெறும் செங்கல் சுவரைத்தான் பார்ப்பீர்கள். கமரா நின்ற இடத்தைப் பிடிப்பது பழகினால் வரும். நம் மட்டக்களப்புக் கோட்டையின் பழைய புகைப்படம் ஒன்றை எடுத்து, வாவிக்கரையில் அது எங்கிருந்து பிடிக்கப்பட்டது என்று தேடிப் பாருங்கள். ஒரு பின்னேரம் போதும், கண் பழகிவிடும்.

சரி, உங்கள் படிக்கட்டு. அது வாஷிங்டனின் ஜோர்ஜ்டவுனில் இருக்கிறது, 75 படிகள். அமெரிக்க விசா தனி, அதனால் இந்த முறை விடுங்கள். படிகள் பொதுவழி, யாரும் ஏறலாம். ஆனால் படத்தில் பாதிரியார் பாய்ந்து படிகளில் விழுகிற ஜன்னல், நிஜத்தில் படிகளுக்கு நேரே இருக்காது. வீடு தள்ளி இருந்ததால் படத்துக்காகப் பொய்ச் சுவர் கட்டி நீட்டினார்கள். அந்த வீடு தனியாருடையது. கேற்றடியில் நின்று எட்டிப் பார்க்க வேண்டாம்.