‘மோசமான கொள்முதல்’ பட்டியலில் ஒரு தங்க மெடல்காரர்

கேள்வி: எனக்கு 27 வயது. கல்லூரி நாட்களிலிருந்து கால்பந்தில் லெஃப்ட் விங், அதாவது இடது ஓரத்தில் ஆடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு முழங்காலில் லிகமென்ட் கிழிந்து ஆபரேஷன். திரும்ப ஆடப் போனேன், மறுபடியும் அதே கால். போட்டி ஆட்டத்தை மறந்துவிடு என்கிறார் டாக்டர். எங்கள் ஊர்ப் பள்ளியில் ஜூன் மாதத்திலிருந்து பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கக் கூப்பிடுகிறார்கள். போனால் தோல்வியை ஒத்துக்கொண்ட மாதிரி இருக்கும். போன வாரம் ‘பார்சிலோனாவின் மோசமான கொள்முதல்கள்’ என்று ஒரு வீடியோ பார்த்தேன், அந்த ஸ்பெயின் கிளப் காசு கொடுத்து வாங்கி வீணாய்ப்போன ஆட்டக்காரர்களின் பட்டியல். அதில் அமுனிகே என்ற நைஜீரியர் இருந்தார். அவரும் லெஃப்ட் விங், அவருக்கும் முழங்கால். அவ்வளவு தூரம் போனவரே கேலிப்பொருள் ஆகிவிட்டார் என்றால் நானெல்லாம் எந்த மூலைக்கு? தூக்கம் வரவில்லை.
– பெயர், ஊர் வேண்டாம்

பதில்:

தம்பி, முதலில் அந்த வீடியோ. அதில் சொல்லியிருப்பது பொய் இல்லை. இம்மானுவேல் அமுனிகே 1996 டிசம்பரில் பார்சிலோனாவுக்குப் போனார். 2000 வரை அங்கே இருந்தும், லீக்கில் ஆடியது 19 ஆட்டம்தான். ஒரே ஒரு கோல். பெரும்பாலான நாட்கள் முழங்கால் வைத்தியத்திலேயே போயின. 1998 உலகக் கோப்பையும் அந்தக் காலோடு போயிற்று. அப்புறம் ஸ்பெயினின் இரண்டாம் பிரிவில் அல்பசெத்தே என்ற அணி. பட்டியல் போடுகிறவருக்கு இவ்வளவு போதும். அவர் வேலை சுலபமானது, பத்து பேரை வரிசையாக நிறுத்தினால் ஆயிற்று.

ஆனால் பார்சிலோனா இவரை எதற்கு வாங்கியது என்று அந்த வீடியோ சொன்னதா?

1994 ஏப்ரலுக்குப் போவோம். துனிசியாவில் ஆப்பிரிக்கக் கோப்பை இறுதிப் போட்டி, நைஜீரியாவும் ஜாம்பியாவும். முந்தைய வருடம்தான் ஜாம்பியாவின் அணி, காபோன் கடற்கரைக்கு அருகே விமானம் விழுந்து மொத்தமாக மாண்டுபோயிருந்தது. ஹாலந்தில் ஆடிக்கொண்டிருந்ததால் அந்த விமானத்தில் ஏறாத கலுஷா ப்வால்யாவை வைத்துக்கொண்டு, புதுப் பையன்களைச் சேர்த்து, ஒரே வருடத்தில் இறுதி வரை வந்துவிட்டார்கள். அன்று யார்தான் நைஜீரியா பக்கம் இருந்திருப்பார்கள்? ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஜாம்பியா கோல் போட்டது. உடனே அமுனிகே சமன் செய்தார். இடைவேளை முடிந்து வந்ததும் இன்னொன்று. 2-1. கதை கேட்கிற எல்லோருக்கும் பிடித்த முடிவைக் கெடுத்தவர் இவர்தான். அந்தக் கோப்பையை வென்றுகொடுத்ததும் இவர்தான்.

அதே வருடம் அமெரிக்காவில் உலகக் கோப்பை. நைஜீரியாவுக்கு அதுவே முதல் முறை. பல்கேரியாவை 3-0 என்று அடித்த ஆட்டத்தில் மூன்றாவது கோல் இவருடையது. பாய்ந்து விழுந்து தலையால் முட்டியது. அடுத்த சுற்றில் இத்தாலிக்கு எதிராக 25வது நிமிடத்தில் கோல். இத்தாலியின் ஜோலா சிவப்பு அட்டை வாங்கி வெளியே போக, அவர்கள் பத்து பேர். 88வது நிமிடம் வரை நைஜீரியா காலிறுதியில் இருந்தது. ரொபெர்த்தோ பாஜ்ஜியோ சமன் செய்து, கூடுதல் நேரத்தில் பெனால்டியும் போட்டு வெளியே அனுப்பிவிட்டார். பாஜ்ஜியோ எனக்குப் பிடித்த ஆட்டக்காரர், ஆனாலும் அந்த ஒரு நாளுக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அந்த வருட ஆப்பிரிக்காவின் சிறந்த கால்பந்து வீரர் விருது அமுனிகேவுக்குக் கிடைத்தது.

அப்புறம் 1996 ஆகஸ்ட் 3, அட்லாண்டா ஒலிம்பிக் இறுதிப் போட்டி. அரையிறுதியில் பிரேசிலிடம் 1-3 என்று பின்தங்கி, 4-3 என்று ஜெயித்து வந்திருந்தது நைஜீரியா. இறுதியில் எதிரே அர்ஜென்டினா. இரண்டு முறை பின்தங்கி இரண்டு முறையும் சமன் செய்து, 2-2 என்று ஆட்டம் முடியப் போகிற நேரம். நைஜீரியாவுக்கு ஒரு ஃப்ரீ கிக். அர்ஜென்டினாவின் தடுப்பு வரிசை மொத்தமும் ஆஃப்சைடு பொறி வைக்க, அதாவது எதிராளியைத் தங்களுக்குப் பின்னால் விட்டு அவர் ஆட்டத்தை விதிப்படி செல்லாமல் ஆக்க, கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடி வருகிறது. பொறி மூடவில்லை. உள்ளே அமுனிகே தனியாக இருக்கிறார். பந்து இறங்கி வருகிறது, நேராக ஓர் உதை. 3-2. ஒலிம்பிக் கால்பந்தில் ஆப்பிரிக்காவின் முதல் தங்கம். கிடைத்தால் அந்தக் காட்சியைப் பாருங்கள். கையைத் தூக்கியவர்கள் அதை இறக்காமல் நடுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஒரு வேடிக்கை.

இது நடந்து நான்கைந்து மாதத்தில்தான் பார்சிலோனா. ஏற்கெனவே எகிப்தில் ஜமாலெக் அணியோடு 1993இல் ஆப்பிரிக்காவின் கிளப் கோப்பையை வென்று, போர்ச்சுகலில் ஸ்போர்ட்டிங்குக்கு ஆடிவிட்டு வந்தவர். அப்போது வயது 26. உங்களைவிட ஒரு வயது சின்னவர்.

நீங்கள் மனதுக்குள் என்ன சொல்கிறீர்கள் என்று தெரிகிறது. ‘அவருக்குத் தங்க மெடல் இருக்கிறது சார், எனக்கு மாவட்ட அளவில் ஒரு கப்புகூட இல்லை.’ நியாயம். அதை மறுக்கப் போவதில்லை. ஆறுதலுக்காக இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் உங்களுக்கே சிரிப்பு வரும். ஆகவே மெடல் பகுதியை இங்கேயே விட்டுவிடுவோம். உங்களுக்கு உதவுகிற பகுதி அதற்குப் பிறகு வருகிறது. வீடியோக்காரர் தொடாத பகுதியும் அதுதான்.

அமுனிகே பயிற்சியாளர் ஆனார். பெயர் வாங்கியது பெரியவர்களோடு இல்லை, 17 வயதுக்கு உட்பட்ட பையன்களோடு. 2013இல் நைஜீரியா அந்த வயதினருக்கான உலகக் கோப்பையை வென்றபோது அவர் உதவிப் பயிற்சியாளர். 2015இல் சிலியில் மறுபடியும் வென்றபோது அவரே தலைமை. இறுதியில் மாலியை 2-0 என்று ஜெயித்தார்கள். அந்த அணியில் பத்து கோல் போட்டு, அந்தப் போட்டியில் அதுவரை யாரும் போடாத எண்ணிக்கையைத் தொட்டவர் விக்டர் ஒசிமென். லாகோஸின் போக்குவரத்து நெரிசலில் வண்டிகளுக்கு நடுவே ஓடித் தண்ணீர் விற்று வளர்ந்த பையன். பின்னாளில் நாப்போலிக்கு இத்தாலிய லீக் பட்டம் வாங்கிக்கொடுத்து, 2023இல் ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர் விருதையும் வாங்கினார். பயிற்சியாளர் 1994இல் வாங்கிய அதே விருது. சாமுவேல் சுக்வுவேஸேயும் அதே அணிதான். அவர் இடது கால் விங்கர், ஆகவே உங்கள் ஜாதி.

தேய்ந்த முழங்காலோடு இதைச் செய்ய முடிந்தது, ஏனென்றால் இதற்கு ஓட வேண்டாம். நூறு பையன்கள் ஓடும்போது எவன் பந்து வருவதற்கு முன்பே திரும்பிப் பார்க்கிறான் என்று கவனிக்க வேண்டும். விங்கில் நின்றவனுக்கு இது பழக்கமான வேலை. கோட்டோரமாகப் பந்துக்குக் காத்துக்கொண்டு, மற்ற இருபத்தொரு பேரும் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தவன் அவன்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏமாற்றினதாகும். 2018இல் தான்சானியா தேசிய அணி இவரைக் கூப்பிட்டது. 1980க்குப் பிறகு ஆப்பிரிக்கக் கோப்பைக்கே தகுதி பெறாத அணி அது. 39 வருடம் கழித்து 2019இல் தகுதி பெற வைத்தார். எகிப்துக்குப் போய் மூன்று ஆட்டத்திலும் தோற்றார்கள். உடனே வேலை போய்விட்டது. பயிற்சியாளர் நாற்காலி, ஆடி ஓய்ந்தவர்களுக்கான ஈஸி சேர் இல்லை. அதிலும் தோற்கலாம். அதனால்தான் ‘போனால் தோல்வி’ என்று நீங்கள் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆட்டம் முடிந்த இடம் என்று நினைத்தால் தவறு, அங்கே புதிதாகத் தோற்கவும் ஜெயிக்கவும் வாய்ப்பு இருக்கிறது.

இப்போது உங்கள் காரியம். பள்ளிக்குச் சரி என்று சொல்லுங்கள், ஆனால் ஒரு வருடத்துக்கு மட்டும் என்று உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருடத்துக்குள் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் ‘டி’ லைசென்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். ஆட்டக்காரருக்குத் தெரிந்ததையெல்லாம் பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் புரியும்படி சொல்லிவிட முடியாது, அது தனி வித்தை. பையன்களோடு பந்து உதைக்கும்போது ‘கொஞ்சம் காட்டிவிடலாமே’ என்று ஆசை வரும். அந்த முழங்கால் மூன்றாவது முறை உங்களை மன்னிக்காது. பிசியோதெரபியை நிறுத்த வேண்டாம். தூக்கமில்லாதது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதற்கும் டாக்டரைப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஜூனுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை அந்தப் பள்ளி மைதானத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கோல் போஸ்ட்டில் வலை இருக்கிறதா, மழை பெய்தால் தண்ணீர் எங்கே தேங்கும், எத்தனை பந்து இருக்கிறது. வலை இல்லையென்றால் சம்பளம் பேசும்போதே அதையும் கேட்டுவிடுங்கள். அப்புறம் கேட்டால் தர மாட்டார்கள்.